விரைவும் பிரேக்கும்

தமிழ் பயிலும் மாணவனுக்குக் காரின் பிரேக்கோடு யாது தொடர்பு என்று நண்பர் வினவக்கூடும். தொடர்பு என் பெரியப்பாவின் மகனால் வந்தது. அண்ணன், இரண்டே கதவுகளையுடைய பழைய வேகக் கார் ஒன்றை வைத்திருக்கிறார். திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஓட்டக்களத்திற்கு ஆண்டில் மூன்று நான்கு முறை அதனைக் கொண்டு செல்வார். அந்நாளை 'டிராக் டே' என்பர். அது பந்தயமன்று, பரிசுமில்லை. கட்டணம் செலுத்தித் தலைக்கவசம் அணிந்து, எதிரே ஆளோ மாடோ வாராத பாதையில் தம் காரைத் தாமே விரைந்து ஓட்டிப் பார்க்கும் நாள் அது. யானும் உடன் சென்று டயர்களில் காற்றளந்து உதவுவேன்.

சென்ற ஆண்டு அவ்விடத்து ஏழாவது சுற்றில், நேர்பாதையின் முடிவில் அண்ணன் பிரேக்கை மிதித்தபோது, பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்து தளத்தைத் தொட்டது. கார் வளைவைக் கடந்து மணலிற் புகுந்து நின்றது. அவருக்கும் காருக்கும் ஊறு நேரவில்லை. ஆயினும் பெரியம்மா, இனி அங்கே செல்வதாயின் காரை விற்றுவிட வேண்டும் என்றார். அண்ணனோ, இரண்டாண்டுச் சேமிப்பு முழுவதையும் ஈந்து, ஆறு பிஸ்டன்களையுடைய பெரிய சிவப்புக் காலிப்பர்களும் அவற்றிற்கேற்ற அகன்ற டிஸ்குகளும் வாங்கத் துணிந்தார். அவ்வினைக்கு அம்மருந்து தகுமா என்பதே எங்கள் வீட்டிற் பல நாள் நடந்த வழக்கு.

காரை நிறுத்துவது எது? காலிப்பர் என்பார் பலர். காலிப்பர் பேடுகளை டிஸ்கின்மேல் அழுத்துகிறது. அதனாற் சக்கரம் சுழல்வது குறைகிறது. காரை நிலத்தோடு பற்றி நிறுத்துவதோ டயர். உள்ள பிரேக்கே சக்கரத்தை இறுகப் பூட்டவல்லதாயின், அதனினும் வலிய பிரேக்கைப் பொருத்துவதால் மட்டும் கார் ஓரடியும் முன்னதாக நிற்காது. அவ்வாறாயின் பெரிய பிரேக்கின் பயன் யாது? வெப்பத்தைத் தாங்குதலே.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஓட்டுநரோடு 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்குக் குறைகிறது என்க. விரைவு பாதியாயிற்று, இயக்க ஆற்றலோ நான்கில் மூன்று பங்கு நீங்கியது. அவ்வாற்றல் ஏறத்தாழ மூன்று லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. அதன் பெரும்பகுதி மூன்றே விநாடிகளில் டிஸ்குகளிற் புகுகிறது. அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். தெருவில் ஒருமுறை மிதித்து மறந்துவிடும் பிரேக்கிற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

1953-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் ரோல்ட், ஹாமில்டன் என்னும் இருவர் ஓட்டிய ஜாகுவார் சி-டைப் கார் முதலிடம் பெற்றது. அதன் சக்கரங்களில் இருந்தவை டன்லப் நிறுவனத்தாரின் டிஸ்க் பிரேக்குகள். பழைய டிரம் பிரேக்கில் வெப்பம் மூடிய கலத்துள் அடைபட, டிரம் விரிந்து உள்ளிருக்கும் கட்டைகளினின்று விலகும். டிஸ்கோ காற்றில் திறந்து நிற்பது. சூடேறித் தடித்தாலும் பேடுகளை நோக்கியே தடிக்கும். மணிக்கணக்காக மிதித்தபின்னும் பெடல் முன்போலவே விடையளித்ததே அவர்தம் வெற்றிக்குப் பெருந்துணையாயிற்று.

நிற்க. அண்ணனின் பெடல் அமிழ்ந்தது ஏன்? பட்டறையில் முதியவர் ஒருவர் பெடலை இருமுறை அழுத்திப் பார்த்து, "ஆயில் கொதிச்சிருக்கு தம்பி, கடைசியா எப்ப மாத்தினீங்க?" என்றார். அண்ணன் விடையளிக்கவில்லை. 'பிரேக் ஆயில்' என்பது உலக வழக்கு. உண்மையில் அஃது எண்ணெயன்று. (காரணமற்ற பெயரும் வழக்கினால் நிலைபெறும் என்பதை எம் இலக்கண வகுப்பு முன்னரே அறிவித்துள்ளது!) எண்ணெய் நீரை விலக்கும், இதுவோ காற்றிலுள்ள ஈரத்தை நாள்தோறும் பருகும். டாட் 4 வகையில் புதியது 230 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதித்தலாகாது என்பது விதி. நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு நீர் கலந்துவிடின் அவ்வெல்லை 155-ஆக இறங்கும். கொதித்தெழும் ஆவியோ அமுங்குவது. மிதிக்கும் கால் ஆவியை நசுக்குகிறதேயன்றிப் பேடுகளைத் தள்ளுவதில்லை. பழைய திரவத்தையே ஊற்றி ஆறு பிஸ்டன் காலிப்பரைப் பூட்டினாலும், வெப்பம் அவ்வெல்லையை எட்டுமாயின் அதே பெடல் மீண்டும் அமிழும்.

காலிப்பரை யான் பழிக்கவில்லை. மென்மையான பந்தய டயர் பூட்டி, இருபது நிமிடம் ஓயாது ஓட்டுவோர்க்குத் தடித்த டிஸ்க் வேண்டும். அதனைத் தழுவப் பெரிய காலிப்பரும் வேண்டும். இரு பக்கமும் பிஸ்டன் உடையதிற் பேடுகள் சமமாகத் தேயும். ஆனால் முன் சக்கரங்களில் மட்டும் அளவறியாது பெரியதைப் பொருத்தினால், தடுக்கும் பாரம் முன்னாலேயே குவிந்து பின் சக்கரங்கள் தம் பங்கை ஆற்றாதொழியும். நிற்கும் தொலைவு நீளவும் கூடும். துளையிட்ட டிஸ்கு கண்ணுக்கு அழகியது. ஓட்டக்களத்திலோ துளையின் விளிம்பிற் பிளவு தொடங்கும். கோடு கீறியது அதனினும் நன்று.

முடிவில் அண்ணன் புதுத் திரவம் நிரப்பி, மிகு வெப்பம் தாங்கும் பேடுகளை மாற்றி, முன் பம்பரிலிருந்து டிஸ்க் வரை காற்றுக்குழாய் ஒன்றும் இழுத்தார். சேமிப்பிற் பெரும்பகுதி எஞ்சியது. சென்ற சனிக்கிழமை பன்னிரண்டு சுற்று ஓட்டினார். பெடல் கல்போல் நின்றது. இறுதிச் சுற்றில் பிரேக்கைத் தொடாது மெல்ல ஓட்டி டிஸ்குகளை ஆறவிட்டு, கைப்பிரேக் இழுக்காமல் நிறுத்தினார். அன்று பெரியம்மாவும் வந்திருந்தார். குடையின்கீழ் அமர்ந்து ஒவ்வொரு சுற்றையும் விரல்விட்டு எண்ணினார். காரை விற்கும் பேச்சு இப்போது வீட்டில் எழுவதில்லை. சிவப்புக் காலிப்பரின் படம் மட்டும் அண்ணனின் கைப்பேசி முகப்பில் இன்னும் இருக்கிறது. அடுத்த மாதம் டிஸ்குகளின் தடிப்பை அளக்க வேண்டும். குறைந்தது எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை அவற்றிலேயே பொறித்திருக்கிறார்கள். அளவுகோலோடு யான் செல்வதாக ஏற்பாடு.