வூட்கிரேஞ்சின் கண்ணாடி விறாந்தைகள்

போன பங்குனியில் எங்கள் வீதியில் ஒரு வீட்டு முன்விறாந்தையைக் கழற்றிக் குப்பையோடு குப்பையாக எறிந்தார்கள். வார்ப்பிரும்புத் தூண்கள் இரண்டும் வாசலில் கிடந்தன. தலைப்பில் இலை வேலைப்பாடு. 130 வருடப் பெயின்ட் அடுக்கடுக்காய்ப் படிந்து இலை நரம்புகளை மூடிவிட்டிருந்தது. 30 வருடமாக அந்த வாசலைப் பார்த்தபடி வேலைக்குப் போனவன் நான். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் எங்கள் ஊர். மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகிற நம்மவர்கள் பலர் ரொம்ஃபோர்ட் ரோட்டில் பஸ்ஸில் இருந்தபடியே இதைக் கடந்திருப்பார்கள். முன்பு எசெக்ஸைச் சேர்ந்திருந்தது, 1965இல் நியூஹாமுக்குள் வந்தது. நிர்வாகக் கதை அவ்வளவுதான்.

வீடுகளின் கதைதான் பெரியது. ஊருக்கு ரயில் 1840இலேயே வந்துவிட்டது. 1877இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த தோமஸ் கார்பெட் இங்கே 110 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கினார். அவரும் மகன் கேமரன் கார்பெட்டும் 1892 வரை 1,100க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். அதுதான் வூட்கிரேஞ்ச். வீதிகளுக்கு வின்ட்சர், ஒஸ்போர்ன், கிளேர்மொன்ட், ஹம்ப்டன் என்று அரச மாளிகைகளின் பெயர்கள். காலையில் ரயிலேறி நகரத்துக்குப் போய்க் கணக்கெழுதிய நடுத்தர வர்க்கத்துக்கு அந்தப் பெயர்கள் இனித்திருக்கும்.

விக்டோரியா காலத்து வீட்டில் கண்ணாடிதான் பெருமை. அதற்குக் காரணம் உண்டு. கண்ணாடி மீதான வரியை 1845இலும், யன்னலுக்கான வரியை 1851இலும் எடுத்துவிட்டார்கள். அதுவரை வெளிச்சத்துக்கே காசு கட்டியவர்கள், பிறகு வீட்டின் முகத்தையே வெளியே தள்ளி மூன்று பக்கமும் யன்னல் வைத்தார்கள். கார்பெட் இன்னும் ஒரு படி போய், வாசலுக்கு மேலே இரும்புத் தூணில் கண்ணாடிக் கூரை ஏற்றினார். மாரி காலத்து மங்கல் வெயிலும் அதற்குள்ளால் இறங்கி, நிலைக்கதவின் வண்ணக் கண்ணாடியைத் தொட்டு, உள்நடையில் சிவப்பும் பச்சையுமாக விழும். என் வீட்டில் தை மாதத்தில் அது கால் மணித்தியாலம்தான் நிற்கும். நான் அதற்காகவே தேநீரை எடுத்துக்கொண்டு நடையில் வந்து நிற்பேன்.

யன்னல்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மேலும் கீழும் வழுக்கும் இரண்டு சட்டங்கள். வந்த புதிதில் ஒன்றின் கயிறு அறுந்து, சட்டம் 'தடால்' என்று விழுந்தது. பழுது பார்க்க வந்த கிழத்தச்சர் நிலையின் பக்கப்பலகையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒடுங்கிய கூடு, உச்சியில் பித்தளைக் கப்பி, கயிற்றில் உலக்கைத் துண்டு போல ஒரு இரும்புக்குண்டு. இரு பக்கத்துக் குண்டுகளும் சேர்ந்து சட்டத்தின் பாரத்தைத் தாங்குவதால்தான் ஒரு விரலால் தூக்க முடிகிறது. எங்கள் ஊர்த் துலாவின் கணக்கேதான்! துலாக் கிணற்றில் வளர்ந்த எனக்கு அன்றைக்குத்தான் இந்த வீடு சொந்த வீடானது. மேல்சட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக் கீழ்ச்சட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் வெக்கை மேலால் போகும், குளிர்காற்று கீழால் வரும். தச்சர் சீவிய இடத்தில் அந்தப் பழைய பைன் மரம் பிசின் மணத்தது. புதுக்கயிறு போட்டு முடிக்க ஒரு பகல் போதுமாயிருந்தது. கயிறு போனால் கயிறு, கண்ணாடி போனால் கண்ணாடி, அடிக்கட்டை உக்கினால் அதை மட்டும் வெட்டி ஒட்டு. இந்த வீடுகள் முழுவதும் அப்படிக் கட்டியவைதான். சுவரில் இருப்பதும் சுண்ணாம்புச் சாந்து. அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். பலகைத் தளத்துக்கு அடியில் காற்றுப் போகச் சுவரின் அடியிலே துளைக்கல்லும் வைத்தார்கள்.

இன்று நடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. மூச்சு விடுகிற சுவரில் சீமெந்தைப் பூசுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காய் உதிர்கிறது. குளிர் வருகிறதென்று துளைக்கல்லை அடைத்துவிட்டு, பலகை உக்கியதும் "பழைய வீடு, இப்படித்தான்" என்கிறார்கள். மெல்லிய சிலேட்டை இறக்கிவிட்டுப் பாரமான கொங்கிறீட் ஓட்டை ஏற்றுகிறார்கள், கூரைமரம் வளைகிறது. பூந்தோட்டம் கார் நிற்கிற கல்தரையாகிவிட்டது. கோலம் போட்டது போலப் பதித்த வாசல் ஓடுகளையும் கிண்டி எடுத்துவிட்டார்கள். ஒரு குடும்பம் இருந்த வீட்டை அறை அறையாய்ப் பிரித்து வாடகைக்கு விடுகிறவர் விறாந்தைக்குப் பெயின்ட் அடிக்கவா போகிறார்? காகிதத்தில் மட்டும் வூட்கிரேஞ்ச் பழைய கட்டடங்களைக் காக்கவேண்டிய பாதுகாப்புப் பகுதி. நம்மவர்களும் இந்த அழிப்பில் பின்னிற்கவில்லை. ஊரில் தாத்தா கட்டிய நாற்சார் வீடு இடிந்ததென்று கண்கலங்குகிற ஒருவர், இங்கே தன் வீட்டு யன்னல் எட்டையும் ஒரே நாளில் பிடுங்கினார். "அண்ணை, பிளாஸ்டிக் போட்டால் கரைச்சல் இல்லை" என்று எனக்கும் புத்தி சொன்னார். பத்துப் பதினைந்து வருடத்தில் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே ஆவி படர்ந்தது. ஒட்டுப்போட வழியில்லை, எட்டையும் மறுபடி மாற்றினார்.

போன கிழமை என் கதவுக்குள்ளும் ஒரு விளம்பரத்தாள் வந்து விழுந்தது: 'விக்டோரியன் பாணி பிளாஸ்டிக் யன்னல்'. படத்தில் மேல்சட்டத்தின் இரு மூலையிலும் சிறு கொம்புகள். பெரிய கண்ணாடியின் பாரத்தில் மூட்டு விட்டுப்போகாமல் இருக்க அந்தக்காலத் தச்சர் மரத்தை நீளவிட்டுச் செதுக்கிய கொம்பு அது. இதில் எந்தப் பாரமும் தாங்காத ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.