கதிரவனும் கடிகாரமும்

காரக்கோரம் மலைத்தொடரில், ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது குஞ்செராப் கணவாய். அதற்குத் தெற்கே பாகிஸ்தானின் சோஸ்ட். வடக்கே சீனாவின் தாஷ்கூர்கான். இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ள சிற்றூர்கள். கதிரவன் இரண்டுக்கும் ஒரே வேளையில் உச்சிக்கு வருகிறான். ஆயினும் சோஸ்டில் நண்பகல் 12 மணி எனில், தாஷ்கூர்கானில் பிற்பகல் 3 மணி! 1949 முதல் சீன நாடு முழுமைக்கும் பெய்ஜிங் நேரமே அரசின் நேரம்.

பரந்த நாட்டை ஆள்வோருக்கு அது வசதியே, மறுக்கமாட்டோம். ஆனால் ஆட்டு மந்தைக்குப் பெய்ஜிங் தெரியாதே! மேய்ப்பவன் வெயிலைப் பார்த்துத்தான் பட்டியைத் திறக்க வேண்டும். சிஞ்சியாங் பகுதி மக்களில் பலர் இரண்டு மணி பிந்திய உள்ளூர் நேரத்தைத் தமக்குள் வழங்குகின்றனர். எனவே, ஒருவர் வேளை குறித்தால், 'எந்த நேரப்படி?' என்று மற்றவர் கேட்க வேண்டியுள்ளது.

நம் ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில் கடைசியாக வந்தோரை மூலநூல் 'பதினோராம் மணி' ஆட்கள் என்கிறது. விடியலிலிருந்து எண்ணிய மணி அது. நம் கணக்கில் மாலை 5. ஏழையின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் கட்டளை. கூலிக்காரன் மேற்கே பார்த்தால் போதும். கோடையில் தாஷ்கூர்கானில் அவன் அவ்வாறு பார்க்கும்போது, அலுவலகச் சுவரில் மணி இரவு 10-ஐ நெருங்கியிருக்கும்.