அரை டம்ளர் காபி

“எங்கிட்ட யாருமே சொல்லல!” என்று வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ஒருநாள் கத்தினேன். அது பொய். சொன்னார்கள். இரவு பத்து மணிக்கு, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, புரிகிற தமிழில் சொன்னார்கள். சொன்ன பெண், நான் கத்தும்போது எனக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

2016இல் நடந்தது. அப்பாவுக்கு அப்போது 71 வயது. வலது பக்கம் குடலிறக்கம். இரண்டு வருடமாக அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டார். இருமினால் எலுமிச்சம்பழம் போலப் புடைத்துக்கொண்டு வர ஆரம்பித்த பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். கூட இருக்க வீட்டில் வேறு ஆள் இல்லாததால், அட்டெண்டர் பாஸ் என் சட்டைப்பைக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் சேருகிற நாள் முழுக்கக் கேள்விகள்தான். கவுண்டரில் பெயர், வயது, என்ன வியாதி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதிக்கொண்டு, பெயரும் ஐ.பி. நம்பரும் போட்ட பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டார்கள். வார்டுக்குப் போனால் சிஸ்டர் அதையே கேட்கிறார். டூட்டி டாக்டர் வந்து அதையே கேட்கிறார். மயக்க டாக்டர் வந்து அதோடு பல் செட் உண்டா, வாயை நல்லாத் திறங்க, கழுத்தை நிமிர்த்துங்க என்று சேர்த்துக்கொள்கிறார். “எந்தப் பக்கம் ஆபரேஷன்?” என்று நாலாவது ஆள் கேட்டபோது, “ஏன், உங்க ஃபைல்ல இல்லையா?” என்று எரிந்து விழுந்தேன். ஃபைலில் இருப்பதும் நோயாளி வாயிலிருந்து வருவதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் இருக்கின்றன. மயக்கம் கொடுப்பதற்கு முன் பார்ப்பதில் முதலாவதே இதுதான்: ஆள் யார், எந்த இடம், என்ன ஆபரேஷன், சம்மதம் இருக்கிறதா. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. பணம் கட்டியவன் என்ற மிதப்பில் இருந்தேன்.

ரத்தம், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் ஆயிற்று. ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முன்கையில் துளியூண்டு ஊசி போட்டு, சுற்றி பேனாவால் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் சவரம் செய்ய ஆள் வந்தார். அரைஞாண் கயிற்றை அறுக்க வேண்டும் என்றதும் அப்பா சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா கட்டிவிட்ட கயிறு. அறுத்த கயிற்றை அந்த ஆள் குப்பையில் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து அப்பா கையில் கொடுத்தார். எனக்கு அது தோன்றியிருக்காது.

இரவு பத்து மணிக்கு நைட் டூட்டி சிஸ்டர் வந்தார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பேச்சிலேயே கன்னியாகுமரிப் பக்கம் என்று தெரிந்தது.

“பன்னெண்டு மணிக்கு மேல தாத்தாவுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது சார். பச்சத் தண்ணி கூட வேண்டாம். காலைல எட்டு மணிக்கு ஃபர்ஸ்ட் கேஸ்.”

நான் மொபைலில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டே “ம்” என்றேன். அவர் போகவில்லை.

“புரிஞ்சுதா சார்?”

“புரிஞ்சுதும்மா.”

அப்பாவுக்கு ஐம்பது வருடமாகக் காலை ஐந்து மணிக்குக் காபி. அது இல்லாவிட்டால் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கிவிடும். அன்று ஐந்தேகாலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காபி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. “தலைதான் கொஞ்சம்...” என்றார், அவ்வளவுதான். நான் கீழே இறங்கி, எதிர்க் கடையில் ஃப்ளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு வந்தேன்.

“அந்தப் பொண்ணு வேண்டாம்னுதே?” என்றார்.

“டாக்டரைக் கேட்டுட்டேன்ப்பா. கொஞ்சம் குடிக்கலாமாம்.”

அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் கட்டிலைச் சுற்றி இருந்த திரையை இழுத்துவிட்டேன். இந்தத் திரை விஷயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தெரியாமல் செய்கிறவன் திரையை இழுப்பானா? பிறகு டம்ளரைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

ஏழரைக்குப் பச்சை கவுன் மாட்டி, ட்ராலியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலில் மயக்க டாக்டர் என்னைக் கேட்டார்.

“கடைசியா எப்ப சாப்பிட்டார்?”

“ராத்திரி எட்டு மணிக்கு, இட்லி.”

“அதுக்கப்புறம்?”

“ஒண்ணும் இல்ல டாக்டர்.”

நாக்கு கொஞ்சம்கூடப் பிசகவில்லை. கதவு மூடிக்கொண்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அரை டம்ளர் என்ன பண்ணிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் அதே டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே அப்பாவிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நான் எரிந்து விழுந்தேனே, அந்த மாதிரி திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி. “அஞ்சரை மணிக்கு அரை டம்ளர் காபி குடிச்சேன் சார். குடிக்கலாம்னாங்களாம், பையன் கேட்டுட்டு வந்தான்” என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

“யாரைக் கேட்டீங்க?” என்றார் டாக்டர்.

உண்மையைச் சொல்ல அரை நிமிடம் இருந்தது. அந்த அரை நிமிடத்தில்தான் முதலில் சொன்ன அந்தக் கத்தலைக் கத்தினேன். எனக்கு ஒரு பிடிமானமும் கிடைத்திருந்தது. பக்கத்து அறைக் கட்டிலில், வாய்வழியாக எதுவும் தரக் கூடாது என்ற அட்டை தொங்குவதைப் போகிற வழியில் பார்த்திருந்தேன். அப்பாவின் கட்டிலில் அது இல்லை. “போர்டு எங்க? பக்கத்து ரூம்ல இருக்கு, எங்க ரூம்ல ஏன் இல்ல?” என்று பிடித்துக்கொண்டேன். நியாயமான கேள்வி. அதனால்தான் அது என் பொய்க்கு அவ்வளவு வாகாக இருந்தது.

டூட்டி முடித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி, நாலடி தள்ளி நின்றுவிட்ட அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

“சார், பத்து மணிக்கு நான் வந்து சொன்னேம்லா? புரிஞ்சுதுன்னு சொன்னியளே.”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோள்பையின் வாயில் நீல மூடி போட்ட டிபன் டப்பா தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “வேற ரூம்ல சொல்லியிருப்பீங்க” என்றேன்.

நர்சிங் சூப்பிரண்டு அவரிடம் விளக்கக் கடிதம் கேட்டார். ராத்திரி முழுக்கத் தூங்காத பெண், கவுண்டர் ஓரத்தில் நின்றபடியே அதை எழுதினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சர்ஜன் வெளியூரிலிருந்து வருகிறவர். மத்தியானம் வரை காத்திருக்க முடியாது, ஆபரேஷன் மறுநாள் என்றார்கள்.

வயிற்றைக் காலியாக வைத்திருக்கச் சொல்வது ஏன் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடுகின்றன. வயிற்றில் இருப்பது மேலே எழும்பி வந்தால் தடுக்க ஆளில்லை, நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நியூயார்க்கில் மகப்பேறு மருத்துவராக இருந்த கர்டிஸ் மெண்டல்சன் 1946இல் இதைப் பற்றி எழுதினார். 44,016 பிரசவங்களில் 66 பெண்களுக்கு இப்படி ஆனது. இருவர் இறந்துபோனார்கள், கெட்டியான உணவு மூச்சுக்குழாயை அடைத்து. அப்பாவுக்கு முதுகில்தான் ஊசி. ஆனால் அது சரியாகப் பிடிக்காவிட்டால் முழு மயக்கத்துக்குப் போயாக வேண்டும். அதனால் அவருக்கும் அதே விதிதான்.

இன்னொன்றும் படித்தேன், அதுதான் அதிகமாக உறுத்தியது. மயக்க மருத்துவர்களின் வழிகாட்டுதல்படி, தெளிந்த திரவம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை கொடுக்கலாம். தண்ணீர் அதில் சேர்த்தி. பால் கலக்காத கடுங்காப்பியும் சேர்த்தி. பால் வயிற்றுக்குள் திரிந்து கட்டியாகிவிடுவதால் ஆறு மணி நேரம் வேண்டும். நம் வீட்டுக் காபியில் பாதிக்கு மேல் பால்தானே. நள்ளிரவோடு எல்லாவற்றையும் நிறுத்துவது பழைய பழக்கம், அதுவும் சாயங்கால ஆபரேஷன்காரர்களுக்குக் கொடுமை. “எங்கப்பாவுக்குக் காபி இல்லைன்னா தலை வலிக்கும், என்ன செய்யலாம்?” என்று முந்தின நாள் மயக்க டாக்டர் வந்தபோது நான் கேட்டிருக்கலாம். ஒரு கடுங்காப்பிக்கு அவர் சம்மதித்துக்கூட இருப்பார். ஸ்கோர் பார்க்கத் தெரிந்தவனுக்கு இது கேட்கத் தெரியவில்லை.

அன்று இரவும் அதே பெண்தான் டூட்டி. பத்து மணிக்கு வந்தார். அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னார். அட்டையைக் கட்டிலில் மாட்டினார். ஒரு நோட்டை நீட்டி, “இதுல ஒரு கையெழுத்து போடுங்க சார்” என்றார். போட்டேன். விடிகாலை பி.பி. பார்க்க வந்தபோது அப்பா உதட்டை நக்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அப்பாவின் உதட்டில் ஒற்றி ஒற்றி எடுத்தார். “வாயக் கொப்பளிச்சுத் துப்பிருங்க தாத்தா, முழுங்கப்படாது” என்று கிண்ணத்தைப் பிடித்தார். பிறகு நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுப் போனார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும். திரையை இழுக்கவில்லை. நான் நாற்காலியில் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மரத்துப்போன கால் திரும்ப வரும்வரை, “டேய், என் கால் அங்கதான் இருக்கா பாரு” என்று அப்பா இரண்டு தரம் கேட்டார். “ஒண்ணுக்குப் போனீங்களா?” என்று வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். முதுகில் ஊசி போட்டால் அது அடைபடுவது உண்டாம். இந்தத் தடவை நான் எரிந்து விழவில்லை.

டிஸ்சார்ஜ் என்று காலை ரவுண்ட்ஸிலேயே சொல்லிவிட்டார்கள். பில் வர மூன்று மணி ஆயிற்று. அதில் ஒரு நாள் அறை வாடகை 1,800 ரூபாயைக் கழித்திருந்தார்கள். ஆபரேஷன் தள்ளிப்போனது ஆஸ்பத்திரியின் தவறு என்பதால், அந்த நாளுக்கு வாடகை இல்லையாம். எண்ணிப் பார்த்துக் கட்டிவிட்டு வந்தேன். அந்த 1,800ஐ யார் தலையில் எழுதினார்கள் என்று கேட்கவில்லை.

மேலே வந்தால் அப்பா வேட்டி கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். காபியைப் பற்றி மூன்று நாளில் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சக்கர நாற்காலியில் ஏறும்போது, “அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாடா” என்றார்.

சிஸ்டர்கள் உட்காரும் கவுண்டர் வரை போனேன். “அவங்க நைட் டூட்டி சார், எட்டு மணிக்குத்தான் வருவாங்க. ஏதாவது சொல்லணுமா?” என்றார் அங்கிருந்தவர். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்ப்பா.”

“என்ன சொன்னுச்சு?”

“பரவாயில்லன்னாங்க” என்றேன்.