பெஞ்சில் யார் உட்கார வேண்டும்?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அடுத்து நெய்யாற்றங்கரை. கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அவ்வளவு சட்டென்று மாறுவதில்லை. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது சொந்தபந்தங்கள் கோட்டின் இரு பக்கமும் நின்றுவிட்டன. இந்தப் பகுதியில், காட்டாக்கடைக்குப் பக்கத்தில், ஊருட்டம்பலம் என்றொரு கிராமம். அங்குள்ள அரசுப் பள்ளியில் பழைய பெஞ்சு ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அது பாதி எரிந்த பெஞ்சு.

கதை 1910களுக்குப் போகிறது. பஞ்சமி என்ற புலையர் சாதிச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பள்ளிக்கு வந்தார் அய்யங்காளி. தாழ்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டிருந்தது. ஆணை காகிதத்தில் இருந்தது. ஊர் வேறு மாதிரி இருந்தது. அவள் வகுப்புக்குள் வந்ததை மேல்சாதியினர் பொறுக்கவில்லை. கலவரம் மூண்டது. பள்ளிக்கே தீ வைத்தார்கள்.

அந்தச் சிறுமி படிக்க வந்தது அகரவரிசையை. தீ வைத்தவர்கள் படிக்க வேண்டியிருந்ததோ வேறொரு பாடம். அதைச் சொல்லித்தர அன்று வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

இன்று அந்தப் பாடத்துக்குப் பயிலரங்கு என்று பெயர். மனநலம், அடையாளம், ஒடுக்குமுறை எதிர்ப்பு என்று தலைப்புகள் நீள்கின்றன. அலுவலகங்களில் நடக்கிறது, கல்லூரிகளில் நடக்கிறது, ஊராட்சிக் கூடங்களிலும் நடக்கிறது. சட்டமும் வற்புறுத்துகிறது. வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லை பற்றி 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. 2013இல் வந்த சட்டம், குறிப்பிட்ட இடைவெளிகளில் பயிலரங்குகள் நடத்துவதை முதலாளியின் கடமையாக்கியது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகும், மனநலத்துக்குப் புதிய சட்டம் வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காவல்துறையினர் உள்ளிட்ட அரசு அதிகாரிகளுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

ஆனால் பயிலரங்கு நடக்கும் விதம் பலருக்கும் பழகிப்போனது. மேலதிகாரி குத்துவிளக்கு ஏற்றுவார். நாலு வார்த்தை பேசுவார். அவசர வேலை என்று கிளம்பிவிடுவார். மீதிப் பேர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். தேநீர், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கடைசியில் குழுப் படம். மன உளைச்சலைச் சமாளிக்க மூச்சுப் பயிற்சி சொல்லித்தரப்படும். அதில் தவறில்லை. ஆனால் மேலாளரின் ஏச்சு அப்படியே இருக்க, ஊழியரின் மூச்சு மட்டும் சீரானால் போதுமா? சாதியைச் சொல்லியோ, நடையைக் கேலி செய்தோ ஒருவரைத் தினமும் குத்தினால் அவருக்குத் தூக்கம் கெடும், பசி கெடும், தன்மீதே வெறுப்பு வரும். நோய் இவரிடம் தெரிகிறது; காரணம் எதிரில் இருப்பவரிடம். மருந்தையெல்லாம் இவருக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படித் தீரும்?

எதிரில் இருப்பவர் மாணவராக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ விரும்பி வீட்டைவிட்டு சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் போலீசில் புகார் செய்தார்கள். விசாரணை என்ற பெயரில் தொல்லை வேண்டாம் என்று பெண்கள் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது.

அவர் உடனே தீர்ப்பு எழுதவில்லை. பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசனைக்கு அனுப்பினார். பிறகு, இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தானும் ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்டுக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார், கேட்டுக்கொண்டார். 2021 ஜூன் 7ஆம் தேதி தந்த உத்தரவில், தனக்குக் கற்றுத் தந்தவர்களை அறியாமை இருளிலிருந்து வெளியே கொண்டுவந்த குருக்கள் என்று எழுதினார்.

உயர்ந்த நாற்காலியில் இருந்தவர் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதன் பலன் அந்த இரண்டு பெண்களோடு நிற்கவில்லை. போலீசார், சிறை அதிகாரிகள், நீதித்துறையினர், ஆசிரியர்கள், மருத்துவர்கள், பெற்றோர் என எல்லோருக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி தேவை என்றது அந்த உத்தரவு. பாலீர்ப்பை 'மாற்றுவதாக'ச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. 2022இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில், இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. அதே ஆண்டு, இவர்களை மரியாதையாகக் குறிப்பிடுவதற்கான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு வெளியிட்டது. திட்டுவதற்கு மட்டுமே சொற்கள் இருந்த இடத்தில், கூப்பிடுவதற்குச் சொற்கள் வந்தன.

அலுவலகம் மட்டும் கற்றுக்கொண்டால் போதாது என்பதைக் கொச்சி காட்டியது. 2017இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களுக்கு வேலை கொடுத்தபோது நாடே பாராட்டியது. சில நாட்களிலேயே அவர்களில் சிலர் வேலையை விட்டார்கள். வேலை கிடைத்த ஊரில் தங்க வீடு கிடைக்கவில்லை. நிர்வாகம் மாறியிருந்தது. வீட்டுக்காரர்கள் மாறவில்லை.

வீட்டுக்காரர்களை எந்தக் கருத்தரங்கக் கூடத்துக்கு அழைப்பது? அழைத்தால் வருவார்களா? எல்லைக் கிராமங்களில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1998இல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள். பத்திலிருந்து இருபது பெண்கள், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ முற்றத்திலோ கூடுகிறார்கள். சேமிப்புப் பணத்தை எண்ணுவதற்காக ஏற்பட்ட கூட்டம்தான். காலப்போக்கில் அதற்குள் ஒரு பள்ளியும் வந்து சேர்ந்தது. குடும்பஸ்ரீயின் பாலினப் பாடத்திட்டத்தில் பெண்ணும் வேலையும், பெண்ணும் உடல்நலமும், பெண்ணின் நடமாட்டமும் என்று தலைப்புகள். பாடப்புத்தகம் அவரவர் வாழ்க்கை. மேடை இல்லை, இறங்கிப் போக யாருக்கும் காரும் காத்திருப்பதில்லை. வாடகைக்கு விடுபவளும் வாடகைக்கு இருப்பவளும் ஒரே பாயில் உட்கார வேண்டியிருக்கிறது.

பாயில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. ஊருட்டம்பலத்துக்கு வருவதற்கு முன்பே அய்யங்காளிக்கு இது தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்டு விவசாயத் தொழிலாளர்களை வயலில் இறங்காமல் நிறுத்தியவர் அவர். அறுவடை நின்றபோதுதான் மேலே இருந்தவர்களுக்குக் காது கேட்கத் தொடங்கியது. எந்தப் பயிலரங்குக்கும் பின்னால் அப்படி ஒரு பலம் வேண்டும். சட்டமோ, சங்கமோ, பத்துப் பெண்களின் ஒற்றுமையோ, ஏதோ ஒன்று. இல்லாவிட்டால் எஞ்சுவது குழுப் படம் மட்டும்தான்.

2022 டிசம்பரில் ஊருட்டம்பலம் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது கேரள அரசு. ஒருகாலத்தில் பஞ்சமியை உள்ளே விட மறுத்த பள்ளியின் பெயர்ப் பலகையில் இன்று அவள் பெயர் இருக்கிறது. பெஞ்சின் எரிந்த பாதி மட்டும் அப்படியே இருக்கிறது, அன்று பாடம் படிக்காமல் போனவர்களின் இடத்தைக் காட்டிக்கொண்டு.