குழல் விளக்கின் கீழே ஒரு குடும்பம்

ஜொகூரில் வீட்டாரைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது குழல் விளக்கோடுதான். புகைப்படப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. அவை பொன்னொளி நேரத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகப் பேசும். எழுதியவர்கள் வடக்கே வெகுதூரத்தில் இருப்பவர்கள்; அங்கே சூரியன் சரிந்து சரிந்து மெதுவாக இறங்கும். ஜொகூர் பாருவோ நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கிறது. இங்கே சூரியன் நேராக ஏறி நேராக இறங்கும். வருடம் முழுக்கக் காலை ஏழு மணியை ஒட்டி விடிகிறது, மாலை ஏழு மணியை ஒட்டி மறைகிறது. மறைந்தபின் வெளிச்சம் இருபது நிமிடம் தாங்கினால் அதிகம்.

அந்த இருபது நிமிடத்தில் எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். 1924-இல் திறந்த கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் நீளம்தான். ஆனால் நாள்தோறும் லட்சக்கணக்கானோர் அதைக் கடக்கிறார்கள். அவர்களில் ஒருவராக விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே மோட்டாரை உருட்டிக்கொண்டு கிளம்புகிறவர், சூரியன் மறையும்போது பெரும்பாலும் பாலத்தின் மேல்தான் நிற்பார். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போதும் வெளியே இருட்டு. அவர்கள் திரும்பி வரும் நேரத்தில் வெயில் உச்சந்தலையில். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியதிலிருந்து எங்கள் நண்பகல் ஒரு மணியை ஒட்டி வருகிறது. அந்த வெயிலில் எந்த முகத்தைப் படம் எடுத்தாலும் கண்கள் இரண்டு குழியாகத்தான் தெரியும்.

ஆக, நாங்கள் ஒரு குடும்பமாக வாழ்வது, கணவர் கிளம்பியபின் விடியலுக்கு முன் இரண்டு மணி நேரமும், அவரும் சேர இருட்டிய பின் மூன்று மணி நேரமும். வீடோ இருபது அடி அகல டெரஸ் வீடு. இருபக்கச் சுவரும் அண்டை வீட்டாருடையது. வெளிச்சம் முன்னால் வரவேண்டும், இல்லையென்றால் பின்னால். முன்னால் காடி நிறுத்தக் கூரை போட்டாயிற்று. பின்னால் சமையலறையை நீட்டிவிட்டோம். நடுவில் இருக்கும் கூடத்துக்குப் பகலிலும் விளக்குத்தான்.

டிஜிட்டல் கேமரா ஒன்று கைக்கு வந்தபோது நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியது இந்த விளக்கைத்தான். மலேசிய மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சோக் வைத்த பழைய குழல் விளக்கு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பிரகாசித்து இருமுறை மங்கும். நொடிக்கு 100 துடிப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். ஓடும் பிள்ளையை நிறுத்திப் பிடிக்க 1/500 வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். சில படங்களில் குறுக்கே அழுக்கு மஞ்சளாக ஒரு பட்டை விழும். அவ்வளவு வேகத்தில் ஷட்டர் முழுதாகத் திறப்பதில்லை. ஒரு மெல்லிய இடுக்குத்தான் சென்சாரின் மேல் ஓடுகிறது. இடுக்கு மேலே இருக்கும்போது விளக்கு உச்சத்தில், கீழே வருவதற்குள் தாழ்வில். 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு படத்துக்குள் அடங்கிவிடும், 1/50 என்றால் இரண்டு. பட்டை போய்விடும்.

ஆனால் 1/100-இல் ஓடும் பிள்ளை கலங்கிப்போவான். இந்த இக்கட்டுதான் எனக்குப் படம் எடுக்கவே கற்றுக்கொடுத்தது என்று சொல்வேன். ஷட்டரால் நிறுத்த முடியாததை நான் காத்திருந்து பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் தெரிந்தது, எந்த அசைவுக்குள்ளும் ஓர் ஓய்வு உண்டு. தலை வாரும்போது சீப்பு முடி நுனிக்கு வந்து, கை மறுபடி மேலே போகத் திரும்பும் இடத்தில் இரண்டு பேருமே அசையாமல் இருப்பார்கள். மாமியார் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கரண்டியோடு ஒரு மூச்சு நிற்பார். சின்னவன் காலுறையை இழுக்கும்போது குதிகாலில் அது சிக்கும். அந்தச் சிக்கலில் அவன் முகம் மொத்தமும் கூடி நிற்கும். இவையெல்லாம் தினமும் நடக்கிறவை, அதே நேரத்தில், அதே விளக்கின் கீழ். இன்று தவறினால் நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி நடக்கும். கல்யாண வீட்டுப் படக்காரர் யாருக்கும் இந்தச் சலுகை கிடையாது.

லென்ஸ் விஷயத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. நடுத்தர சென்சார் கேமராவில் 35 மில்லிமீட்டர், எஃப் 1.8. ஐம்பது வைத்தால் எங்கள் கூடத்தில் முதுகு சுவரில் முட்டும். துளையை முழுதாகத் திறந்தால் ஐஎஸ்ஓ 1600 அளவில் சமாளிக்கலாம். அதற்குப் பதிலாகத் தெளிவின் ஆழம் ஒரு சாணுக்கும் குறைந்துவிடும். பெரியவளும் சின்னவனும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தால் ஒருவர்தான் தெளிவாக வருவார். யாரை என்று நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். பெற்றவளுக்கு இது லேசான காரியமில்லை. பிறகு படத்தைப் பார்த்து அவர்கள் கணக்குக் கேட்பார்கள்.

நிறத்துக்கு வருகிறேன். குழல் விளக்கு தோலில் பச்சை ஏற்றும். கேமரா தானாகச் செய்யும் வெள்ளைச் சமன், பின்னால் சுவரில் என்ன சாயம் என்பதைப் பொறுத்துத் தடுமாறும். இதற்கென்று சாம்பல் அட்டை விற்கிறார்கள். எங்கள் வீட்டில் தினமும் காலை ஒரு வெள்ளைப் பள்ளிச் சட்டை அதே விளக்கின் கீழ் வந்து நிற்கிறது. அதை நிறைத்து ஒரு படம் எடுத்து, ‘இதுதான் வெள்ளை’ என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டால் அந்தக் காலைக்குப் போதும்.

அதே சட்டைதான் அடுத்த சிக்கலையும் கொண்டுவருகிறது. கேமராவின் ஒளிமானி உலகத்தில் எல்லாமே சராசரிச் சாம்பல் என்று நம்புகிறது. கறுத்த முகம் படத்தை நிறைத்தால் தேவைக்கு மேல் வெளுக்கும். அதே முகத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் முகத்தை இருட்டாக்கும். சட்டையும் முகமும் ஒன்றாக வரும்போது, சட்டை வெந்து போகாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிட்டு, ரா கோப்பில் முகத்தை மெல்லத் தூக்குகிறேன். ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பில் 16,384. கறுப்புத் தோலின் அழகெல்லாம் அந்த இடைப்படிகளில்தான் இருக்கிறது: நெற்றியின் செம்பு, கன்னத்தின் கீழே இறங்கும் நீலம், எண்ணெய் வைத்த வகிடு.

நான் சிறுமியாக இருந்த காலத்து வண்ணப் படங்களில் எங்கள் வீட்டாருக்குக் கண்ணும் பல்லும்தான் இருக்கும். அது எங்கள் குற்றமில்லை. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் அச்சு சரி. இப்போது அந்த முடிவு என் கையில் இருக்கிறது. ஆனால் கைத்தொலைபேசிகள் வேறு வழியில் அதே வேலையைச் செய்கின்றன. அழகூட்டும் வசதி என்ற பெயரில் என் மகளை இரண்டு படி வெளுப்பாக்கித் தருகின்றன. குடும்பத்தில் யார் என் வீட்டுப் பிள்ளைகளைப் படம் எடுத்தாலும் அதை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்கிறேன். ‘இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?’ என்பார்கள். ஆமாம், இதற்குத்தான்.

பகல் வெளிச்சம் எங்களுக்குக் கிடைப்பது பின்கட்டுச் சமையலறையில், காலை பத்து மணி வாக்கில். அங்கே கூரை பால்வெள்ளைப் பாலிகார்பனேட் தகடு. மேலே எவ்வளவு கொடிய வெயில் அடித்தாலும் கீழே நிழலே விழாத மென்மையான ஒளி இறங்கும். (நீலத் தகடு போட்ட வீடுகளில் எல்லோரும் சளி பிடித்தவர்கள் போல இருப்பார்கள், கூரை போட எண்ணம் இருக்கிறவர்கள் கவனிக்கவும்.) ஆனால் பத்து மணிக்கு எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டுமே. 2014-இலிருந்து 2024 முடியும்வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டில், அப்பா வேலையில். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில், பிள்ளைகள் பள்ளியில். என் கணினியில் அந்த வருடங்களின் கோப்புறைகளைத் தேதி பார்த்துத் திறந்தால் இது அப்பட்டமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து பசியாறுகிறார். எதிரில் காலி நாற்காலிகள். 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை சனி, ஞாயிறுக்கே திரும்பிவிட்டது. மாநில அரசு என் படங்களை மனத்தில் வைத்து அதைச் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் கூரையின் கீழ் நால்வரும் மாமியாரும் சேர்ந்து இருக்கும் படங்கள் அதன் பிறகுதான் பெருகின.

இவ்வளவு சாதாரண விஷயங்களை ஏன் விடாமல் எடுக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு என் பாட்டியின் படத்தைக் காட்டுவேன். அவசரகாலம் தொடங்கிய 1948-இல் மலாயாவில் பன்னிரண்டு வயது நிறைந்த அனைவருக்கும் படத்தோடு அடையாள அட்டை கட்டாயமானது. கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்த பாட்டியை யாரும் வேறு காரணத்துக்காகப் படம் எடுக்கவில்லை. கடைசிவரை அவருக்கு ஐ.சி. படம்தான். கருமாதிக்கு அதையே பெரிதாக்கி, நெற்றியில் பொட்டு வரைந்து மாலை போட்டோம். அந்தப் படத்தில் அவர் கையில்லை. விடியற்காலையில் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் போன அந்தக் கை எப்படிக் கத்தியைப் பிடித்தது என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அதனால்தான் நான் முகத்தைவிட வேலையை அதிகம் எடுக்கிறேன். கணவர் மழைச்சட்டையை மடிப்பது, மாமியார் வெங்காயம் உரிப்பது, பெரியவள் தம்பியின் புத்தகத்துக்கு அட்டை போடுவது.

எடுத்ததைக் காப்பாற்றுவது தனிப் பாடு. இந்த ஊரின் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னிவிடும். குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துவந்தால் கண்ணாடி வியர்க்கும். பையோடு வெளியே வைத்து, சூடு ஏறியபின் திறக்க வேண்டும். ஈரப்பதத்தை 45 விழுக்காட்டில் நிறுத்தும் உலர்பெட்டி வாங்குவது வீண் செலவில்லை, இன்னொரு லென்ஸைவிட அவசியம். படங்கள் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் இருக்கின்றன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியபோது, அங்கிருந்த சொந்தக்காரர் வீட்டு ஆல்பங்கள் ஒட்டிப்போன ஒரே கட்டியாகத் திரும்பி வந்ததைப் பார்த்தவள் நான்.

வருடக் கடைசியில் ஓர் ஆல்பம் அச்சிடுகிறேன். அதற்குப் படம் பொறுக்குவது எடுப்பதைவிடக் கடினம். கலப்பு விளக்கில் நிறம் கெட்டுப்போன படம் நல்ல கணமாக இருந்தால் கறுப்பு வெள்ளையாக்கிவிடுகிறேன். ஜொகூர் பாருவில் பிறந்த எரிக் பெரிஸ், அரச ஓவியர் ஓ. டொன் பெரிஸின் மகன், நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் புகைப்பட ஆசிரியராக இருந்தவர். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தபிறகு அதைக் குறுக்கு வழி என்று நினைப்பதை விட்டுவிட்டேன்.

பொறுக்கும் வேலையில் இப்போது பெரியவளுக்கும் பங்கு உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் சாலி மான் தன் மூன்று பிள்ளைகளின் படங்களை 1992-இல் புத்தகமாக வெளியிட்டபோது எழுந்த சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. என் படங்கள் வீட்டைத் தாண்டுவதில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குக் கூடக் கேட்டுத்தான் போகும். பெரியவள் வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன், காரணம் கேட்பதில்லை. அவள் அழித்தவற்றில் நான் எடுத்த நல்ல படங்கள் சில உண்டு.

அவளுக்குச் சடங்கு வைக்கும் காலம் தூரத்தில் இல்லை. மாமியார் இப்போதே திட்டம் போடுகிறார்: மண்டபம், மேடை, ஸ்டூடியோக்காரர், பெரிய சட்டம் போட்ட படம். “எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தானே செய்யிறோம்?” என்கிறார். போன வாரம் பெரியவள் சொன்னாள்: “பாட்டி, எனக்கு ஸ்டூடியோக்காரர் வேணாம். அம்மா எடுக்கட்டும். நான் பார்த்துச் சரின்னு சொல்ற படத்தை மட்டும் மாட்டுங்க.” மாமியார் என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதுபோல. பேச்சு இன்னும் முடியவில்லை. மண்டபத்தில் என்ன விளக்கு என்று மட்டும் நான் விசாரித்து வைத்திருக்கிறேன்.