நார் உரிக்கப் போன ஊர்கள்

"வாழைநாரைப் பார்க்க ஜப்பானுக்கா போறே? கொல்லைப் பக்கம் போய்ப் பாரேன்" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. தொட்டியம் பக்கத்துக்காரியிடம் இப்படிக் கேட்பது நியாயம்தான். எங்கள் பகுதியில் எங்கே திரும்பினாலும் பூவனும் கற்பூரவள்ளியும் நிற்கும். தாரை வெட்டியதும் மரத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டு அடுத்த கன்றைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தச் சாய்ந்த மரம்தான் என் சரக்கு. மட்டையை உரித்து, இயந்திரத்தில் கொடுத்துச் சதையைச் சீவி, நாரை நிழலில் உலர்த்தி, பை, கூடை, மேசை விரிப்பு என்று செய்து விற்கிறேன். காசோடு கறையும் சேர்ந்துதான் வரும். வாழைக்கறை பட்ட சேலை எந்தச் சோப்புக்கும் மசியாது. என் பீரோவில் கறைச் சேலைகளுக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன்.

என்னை மேடையேற்றும் எந்தப் பேச்சாளரும் "பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்" என்று சொல்லாமல் இறங்கியதில்லை. பூவே இல்லாமல் நார் தனியாக மரியாதையோடு வாழும் ஊர் ஒன்று உண்டு என்று அவர்களிடம் சொல்ல வாய் துடிக்கும். மாலையை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுவேன்.

அந்த ஊர் கிஜோகா. ஒகினாவா தீவின் வடகோடிப் பக்கம், ஓகிமி என்ற கிராமத்தைச் சேர்ந்தது. வாழைநாரில் அங்கே நெய்யும் துணிக்கு பஷோஃபு என்று பெயர். இதற்கென்றே வளர்க்கும் வாழையின் பழம் தின்ன உதவாது, உள்ளே விதைதான். நார் சீராக வர வேண்டும் என்பதற்காக இலையையும் குருத்தையும் அவ்வப்போது வெட்டி மரத்தை அடக்கி வளர்க்கிறார்கள். வெட்டுப் பருவம் வர ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும். ஒரு கிமோனோவுக்கான துணிக்குச் சுமார் 200 மரம் என்று கணக்கு. வெளிமட்டை நார் முரட்டுத் துணிக்கு. உள்ளே போகப் போக நார் மெலிகிறது, மதிப்பு ஏறுகிறது. சாம்பல் நீரில் வேகவைத்து, மூங்கில் பிளவுக்குள் விட்டு இழுத்துச் சதையைக் கழிக்கிறார்கள். எல்லாம் கைவேலை.

நாம் வாழைநாரைப் பெரும்பாலும் ஊடையில்தான் கொடுக்கிறோம். பாவுக்குப் பருத்தியோ பட்டோ போட்டுவிடுவோம். அவர்களுக்குப் பாவும் ஊடையும் வாழையேதான். காற்று காய்ந்தால் இழை அறுந்துவிடும் என்பதால் மழைக்காலத்தின் ஈரத்தில்தான் நெசவு சுகப்படும். நெய்து முடித்த துணியைப் புளித்த அரிசிக் கஞ்சியில் ஊறவைக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் தறிக்காரர்கள் விறைப்புக்காகப் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள். அங்கே சாம்பல் நீரின் காரத்தை முறிக்க அதே கஞ்சி, அதுவும் புளித்தது.

எல்லாவற்றையும்விட நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது முடிச்சு போடுவதை. இந்த நாரை அவர்கள் பஞ்சுபோல் நூற்பதில்லை. நகத்தால் மெல்லிசாகக் கிழித்து, இழையின் நுனியோடு அடுத்த இழையின் நுனியை முடிந்து, மிஞ்சிய முனையைச் சிறு கத்தியால் நறுக்கி, கூடைக்குள் விட்டுக்கொண்டே போகிறார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வீட்டுத் தரையில் உட்கார்ந்து முடிந்துகொண்டிருந்தார். தொலைக்காட்சி ஓடியது. அடுப்பில் ஏதோ பொங்கியது, எழுந்து போனார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து முடிந்தார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், மறுபடி எழுந்தார். இழை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

நான் வீட்டை விட்டுக் கிளம்பியதே இடையூறில்லாமல் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்ற நப்பாசையில். அது முதல் நாளே தீர்ந்தது. அங்கே காலை ஒன்பது மணியென்றால் இங்கே ஐந்தரை, பால் வாங்கும் நேரம். ஒரு கையில் நார், இன்னொரு கையில் போன். "உளுந்து எத்தனை டம்ளர்?" என்பார் என் வீட்டுக்காரர். "ரெக்கார்ட் நோட்டு எங்கம்மா?" என்பாள் மகள். அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை முடிந்திருக்கும்; அது என்னிடம் சொன்னால்தான் முடிந்ததாகக் கணக்கு. பாட்டி என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஜூடித் பிரவுன் என்ற மானிடவியலாளர் 1970இல் இப்படி எழுந்து எழுந்து போய்ச் செய்கிற வேலையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய, பாதியில் விட்டுவிட்டுத் திரும்பத் தொடரக்கூடிய, ஆபத்தில்லாத, வீட்டை விட்டு வெகுதூரம் போக வேண்டாத வேலைகளே பெண்களிடம் வந்து சேர்கின்றன என்பது அவர் வாதம். எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994இல் வெளியான தம் நூலில் அதைப் பிடித்துக்கொண்டு, நூற்பும் நெசவும் பெண்கள் கைக்கு எப்படி வந்தன என்று விளக்கினார். படித்தபோது சரி, சரி என்று தலையாட்டினேன். பெரு நாட்டின் டகீலே தீவில் பின்னல் ஊசி பிடிப்பது ஆண்கள்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே விரல்களில் ஆண் பெண் பேதமில்லை. இன்னொரு குறையும் கண்ணில் படுகிறது. இடைவெளிகளில் செய்கிற வேலை என்பதாலேயே அதை வேலையாக யாரும் கணக்கெடுப்பதில்லை. தறியில் உட்கார்ந்தால் கூலி. திண்ணையில் உட்கார்ந்து முடிந்தால் பொழுதுபோக்கு.

கிஜோகாவில் அதைக் கணக்கெடுக்க வைத்தவர் தைரா தோஷிகோ. 1921இல் அந்த ஊரில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஜப்பானின் பெருந்தீவில் இருக்கும் குராஷிகி ஆலைக்கு வேலைக்குப் போனார். போர் முடிந்ததும் அங்கேயே நெசவு கற்றுக்கொண்டு 1946இல் ஊர் திரும்பினார். வந்து பார்த்தால், கொசு பெருகும் என்று சொல்லி அமெரிக்கப் படையினர் வாழைகளை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மறுபடி கன்று நட்டு, போரில் கணவனை இழந்த பெண்களையும் கூட்டிக்கொண்டு தொழிலை எழுப்பினார். 1974இல் கிஜோகா பஷோஃபுவை ஜப்பான் அரசு பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2000இல் அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆக்கியது. 2022இல், நூறு வயதைக் கடந்து மறைந்தார்.

பிலிப்பைன்ஸின் லேக் செபு வேறு மாதிரி. அங்கே திபோலி இனப் பெண்கள் வாழைக்குப் பங்காளியான அபாக்கா நாரில் தினாலக் நெய்கிறார்கள். கோலங்கள் கனவில் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெயிலில் இழை அறும் என்று விடிகாலையிலும் இரவிலும் தறியில் உட்காருவார்கள். தறியிலிருப்பதைத் தாண்டக் கூடாது. நெய்து முடியும்வரை கணவனோடு சேரக் கூடாது என்றும் மரபு. இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "நம்ம வீட்ல அதுக்கு நெய்யக்கூட வேண்டாம், ஆர்டர் வந்தாலே போதும்" என்றார். அத்தை காதில் விழாததுபோல் பேப்பரைப் புரட்டினார்.

அத்தைக்கு நார் புதிதல்ல. நாற்பது ஐம்பது வருஷமாகப் பூத்தொடுக்கும் கை. நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு மல்லிகையை அடுக்கினால் இடைவெளியே தெரியாது. கிஜோகாவில் எடுத்த வீடியோவை ஒரு மத்தியானம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "இவ்வளவுதானா" என்றார். சாயங்காலமே ஒரு கண்டு நூல் தயார். என் முடிச்சைவிடச் சிறியது, இழுத்தால் நழுவவில்லை. சீரியல் பார்த்தபடி தினமும் முடிகிறார். அந்த நூலை ஊடையாகக் கொடுத்து நெய்த விரிப்பு கண்காட்சியில் முதலில் விற்றுப்போனது.

அன்று ராத்திரி அத்தை கேட்டார்: "அந்த ஜப்பான்காரம்மாவுக்கு முடிச்சுக்குக் காசு தருவாங்களா?"

"தருவாங்க அத்தை."

"அப்ப எனக்கு?"

கணக்கு நோட்டில் நூற்புக்கூலி, சாயக்கூலி, தறிக்கூலி என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். முடிச்சுக்கு இல்லை. இப்போது இருக்கிறது. எடைக்கு இவ்வளவு என்று பேசி, மாதக் கடைசியில் கையில் கொடுக்கிறேன். நகைக்கடைக்காரர் கணக்காக அவரே தராசு முள்ளைப் பார்த்துக்கொள்வார். விரிப்பின் விலையும் ஏறிற்று. "வாழைநாருக்கு இவ்வளவு விலையா?" என்று முகம் சுளிப்பவர்களிடம் ஒரு சாண் நூலை எடுத்துக் கொடுத்து முடிச்சுகளை எண்ணச் சொல்கிறேன். சிலர் எண்ணிவிட்டு வாங்குகிறார்கள். சிலர் எண்ணிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள்.

இப்போது அத்தை கிராமுக்கு ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்கிறார். மகனையே மத்தியஸ்தம் பேச அனுப்பியிருக்கிறார். அவரோ இரண்டு பேரிடமும் "நீ சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.