பூஜி ஆற்றுக்கு மேற்கே

டோக்கியோவிலிருந்து மேற்கு நோக்கி விரையும் ஷிங்கன்சென் இரயில், ஷின்-பூஜி நிலையத்தைக் கடந்ததும் அகன்றதோர் ஆற்றின் மீது ஓடுகின்றது. பயணிகளின் கண்கள் வலப்புறத்து மலையையே நாடுகின்றன. ஆற்றைப் பொருட்படுத்துவார் இல்லை. ஜப்பானின் மின்சாரம் இரண்டாகப் பிரிவதோ இவ்வாற்றையொட்டித்தான். 1895இல் டோக்கியோவினர் ஜெர்மன் மின்னாக்கிகளைத் தருவித்தனர். சிறிது காலத்தில் ஒசாகா நகரத்தார் அமெரிக்க இயந்திரங்களை வாங்கினர். அதனால் கிழக்கே மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றாகவும், மேற்கே 60 சுற்றாகவும் இன்றளவும் ஓடுகின்றது. மின்னழுத்தம் மட்டும் எங்கும் 100 வோல்ட்; நம் இல்லங்களில் வருவதில் பாதியும் இல்லை.

ஆற்றுக்கு மேற்கே உள்ளது ஹமாமட்சு நகரம். 1887இல் இங்குள்ள தொடக்கப் பள்ளியொன்றின் ஆர்மோனியப் பெட்டி போன்ற அமெரிக்க ஆர்கன் பழுதுற்றபோது, அதைச் சீர்செய்ய அழைக்கப்பட்டவர் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த டொரகுசு யமஹா. பின்னர் தாமே ஓர் ஆர்கனைச் செய்து, தோழருடன் அதைத் தோளில் சுமந்து ஹக்கோனே மலையைக் கடந்து டோக்கியோ சென்றார். இன்று இந்நகரில் இயங்கும் ரோலண்ட் நிறுவனத்தை 1972இல் ஒசாகாவில் தொடங்கிய இக்குட்டாரோ கக்கேஹாஷியும் இளமையில் கடிகாரமும் வானொலியும் பழுதுபார்த்தவரே. 1995இல் திறக்கப்பட்ட இசைக்கருவி அருங்காட்சியகமும் இங்குண்டு. அதைப் பற்றி எழுதப் பலர் உளர். என்னைக் கவர்ந்ததோ சந்து ஒன்றிலிருந்த சிறு பட்டறை.

நண்பர் மொழிபெயர்க்க, முதியவர் ஒருவரின் கைவேலையைக் கண்டேன். மேசை மீது 1980களில் செய்யப்பட்ட சிந்தசைசர் ஒன்று திறந்து கிடந்தது. அருகே அதற்குரிய அம்மையார் அமர்ந்திருந்தார். மறைந்த கணவர் பல ஆண்டுகள் முயன்று அமைத்த ஒலிகள் அதன் நினைவகத்தில் உள்ளன, வேறெங்கும் படியில்லை. கருவியோ சில நாட்களாக முனகியது. எழுத்துகள் மினுக்கி மறைந்தன.

முதியவர் மின்னிணைப்பைப் பிடுங்கிச் சற்றுக் காத்திருந்தார். கண்டென்சர்களில் எஞ்சிய மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியே வடித்தார். அடுத்து, மின்வழங்கிப் பலகையை ஏனைய பலகைகளிலிருந்து பிரித்தார். இப்படி அஞ்சுவதற்குக் காரணமுண்டு. 5 வோல்ட் தரவேண்டிய ஒழுங்கி பிறழ்ந்து கூடுதலாக அனுப்பினால் சில்லுகள் கருகும். அச்சில்லுகளை இப்போது எவரும் செய்வதில்லை. நினைவகத்தைக் காக்கும் சிறு லித்தியம் மின்கலத்தை அவர் தொடவேயில்லை.

மின்தடைகளைப் பளுவாக மாட்டி அளந்தபோது மீட்டர் 4.6 வோல்ட் காட்டியது. அலைகாட்டியின் திரையிலோ வினாடிக்கு 120 பள்ளங்கள் தெரிந்தன. மாறுமின்னோட்டத்தின் இரு பாதிகளையும் டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்புவதால் 60 சுற்று 120 துடிப்பாகின்றது. துடிப்புகளுக்கிடையே மின்னூட்டத்தைச் சேமித்து நிரப்புவது கண்டென்சரின் கடமை. வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து அதனுள் இருந்த திரவம் உலர்ந்துவிட்டது. முனகலின் மூலம் அதுவே. அம்முனகல் நம் ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் அடங்காது. இரு சுரங்களுக்குச் சரிநடுவே நிற்கும். டோக்கியோவில் இதே கருவி 100 துடிப்புடன் இன்னும் தாழ்ந்து முனகியிருக்கும். அங்கு இடைவெளி நீளமாதலால் நோயும் சற்று முன்னதாகவே வெளிப்பட்டிருக்கும்!

புதிய கண்டென்சர்களை எதிர்முனைக் கோட்டை இருமுறை நோக்கியே பற்றவைத்தார். முனை மாறினால் அவை வெடிக்கும். ஒழுங்கியின் காலடியில் வெடித்திருந்த ஈயத்தையும் புதுப்பித்தார். பின்னர் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் செலுத்தினார். பல்பு ஒளிர்ந்து உடனே மங்கியது. உள்ளே குறுக்குச் சுற்று இல்லையென்பது அதன் பொருள். இத்தகைய பல்புகள் கிடைப்பது அரிதாதலால், மூன்றைப் பஞ்சில் பொதிந்து வைத்துள்ளார். மீட்டரில் 5.0 நின்றது. திரையில் பள்ளங்கள் இல்லை.

பலகைகளை மீண்டும் இணைத்து விசையைத் தட்டியபோது அறையில் எவரும் பேசவில்லை. எழுத்துகள் தோன்றின. ஒலிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்த அம்மையார், ஓரிடத்தில் நின்று, அது தம் மகளின் பெயர் என்றார். ஒரு கட்டையை அழுத்தி, நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

மின்கலமும் முதுமையடைந்துவிட்டது, ஒலிகளைப் படியெடுத்த பின்னரே அதை மாற்றவேண்டும் என்று கூறி, முதியவர் அடுத்த வாரம் வருமாறு நாள் குறித்தார்.